தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணும் தொழில்: சிவகாசி வட்டாரத்தில் ஓட்டல் விற்பனை

2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. 2026இல் நவம்பர் 8ஆம் தேதி வருகிறது. பண்டிகை 19 நாள் தள்ளிப்போவது மற்ற ஊர்களுக்குப் பெரிய விஷயமில்லை. பட்டாசு ஊரான சிவகாசியில் அறைகளை வாடகைக்கு விடும் ஓட்டலுக்கு அது ஆண்டுக் கணக்கையே மாற்றிவிடும். இன்று நடுத்தர ஓட்டல்களில்கூட கணக்கு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு இதே தேதியில் எத்தனை அறை போயிருந்தது என்று கேட்டால் நொடியில் காட்டிவிடும். 2026 செப்டம்பர் 10 அன்று அதைத் திறந்து பார்க்கும் மேனேஜர், "போன வருஷத்தைவிட புக்கிங் குறைஞ்சிருக்கே" என்று பதறி வாடகையைக் குறைத்தால் முதலாளிக்கு நஷ்டம். 2025 செப்டம்பர் 10 என்பது தீபாவளிக்குச் சரியாக 40 நாள் முன்பு. 2026இல் அந்த 40ஆவது நாள் செப்டம்பர் 29. தேதியோடு தேதியை ஒப்பிட்டால் இங்கே விடை கிடைக்காது. தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டு, அதற்கேற்ப வாடகை வைத்து, அதற்கேற்ப ஆட்களைப் பார்த்துப் பேசுவதுதான் ஓட்டல் விற்பனை, விளம்பரத் துறையின் வேலை. ஓட்டல் படிப்பு என்றதும் விருதுநகர் மாவட்டத்துப் பெற்றோர் மனத்தில் வருபவை சமையலறை, பரிமாறும் வேலை, போனால் கப்பல் வேலை. அறையையும் அரங்கையும் விற்பதற்கென்றே ஒரு பிரிவு இருப்பதும், அதில் ஏறிப்போனால் ஓட்டலையே நடத்தும் பொது மேலாளர் நாற்காலிவரை போகலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் 1927ஆம் ஆண்டிலேயே ஓட்டல் விற்பனையாளர்கள் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓட வேண்டியதில்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரம் அதற்குத் தோதான இடம் என்பதே என் வாதம். இந்த மாவட்டத்துக்கு வியாபாரமும் தெரியும், வியாபாரிக்குத் தங்க இடம் கொடுக்கவும் தெரியும்.

இரண்டாவதாகச் சொன்னதற்குப் பழைய சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார் வணிகர்கள் 'பேட்டை' அமைத்தார்கள். வண்டிகளில் சரக்கு ஏற்றிவரும் வியாபாரி இரவில் பயமில்லாமல் தங்க அடைப்புள்ள இடம், மாடுகளுக்குத் தண்ணீர், சரக்குக்குக் காவல் எல்லாம் அங்கே இருந்தன. சரக்கின் மேல் 'மகமை' என்று ஒரு சிறு தொகை பிரித்தார்கள். அது உறவின்முறை என்ற சமூகச் சங்கத்தின் பொதுப்பணமாகச் சேர்ந்து, கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆயிற்று. 1885இல் தொடங்கிய, பின்னாளில் காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அந்த உறவின்முறை மரபில் வந்ததுதான். வந்தவன் பத்திரமாகத் தூங்கினால்தான் மறுநாள் சந்தையில் பேரம் நடக்கும் என்பது அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஓட்டல் விற்பனைப் பாடநூல்கள் சுற்றிவளைத்துச் சொல்வதும் அதையேதான்.

இனி, வியாபாரம் தெரியும் என்றதற்கு வருவோம். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை ஊரறிந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. அச்சகத்திலிருந்து காலண்டரும் டைரியும் வந்தன. தீப்பெட்டியின் மருந்து அறிவு பட்டாசாக வளர்ந்தது. இந்த மூன்று தொழில்களுக்கும் வாங்குபவர்கள் இந்தியா முழுவதும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நேரில் வந்தே ஆகவேண்டும், வந்தால் இரண்டு இரவாவது தங்க வேண்டும். ஓட்டல் விற்பனையாளரின் முதல் வாடிக்கையாளர் அவர்கள்தான்.

இந்த வட்டாரத்தின் ஆண்டை மாதம் மாதமாகப் பார்த்தால் வேலை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆடி மாதத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஓட்டல்காரர்கள் கைவிட்டுவிடும் மாதம் அது. கல்யாணம் கிடையாது, அரங்கம் பூட்டிக் கிடக்கும். ஆனால் சிவகாசிக் காலண்டர் நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுகின்றன. அன்றிலிருந்து ஆர்டர் எடுக்கும் காலம். அதே மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் ஆடிப்பூரத் தேரோட்டம், வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரியில் ஆடி அமாவாசைக் கூட்டம், சாத்தூர் அருகே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கடைசி வெள்ளி. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் மதுரைப் பக்கத்திலிருந்து ராஜபாளையம் வழியாகக் கார்கள் போய்க்கொண்டேயிருக்கும். கல்யாண அரங்கை மட்டும் நம்பியிருக்கும் ஓட்டலுக்கு ஆடி வறட்சி. ஊரை அறிந்த விற்பனையாளர் இருக்கும் ஓட்டலுக்கு அது அறுவடை.

ஆவணி, புரட்டாசியில் பட்டாசு வாங்க வருபவர்கள் வரத் தொடங்குவார்கள். முதலில் மொத்த வியாபாரிகள், கடைசி வாரங்களில் சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து காரில் குடும்பத்தோடு வந்து கடைகளில் நேரடியாக வாங்குகிறவர்கள். கார்த்திகையில் ஐயப்பன் சீசன். மார்கழியில் மீண்டும் கல்யாணம் இல்லை, ஆனால் காலண்டரும் டைரியும் அனுப்பிவைக்கும் வேலை உச்சத்தில் இருக்கும். தையில் முகூர்த்தங்கள். பங்குனியில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பொங்கலும் பொருட்காட்சியும், வெளியூர் போன விருதுநகர்க்காரர்களெல்லாம் ஊர் திரும்பும் நேரம். சொந்த வீடு விற்றுப்போனவர்கள் எங்கே தங்குவார்கள்? இந்தக் கேள்வியைப் பங்குனி பிறந்தபின் கேட்டால் பயனில்லை. தையிலேயே கேட்டு, குடும்பங்களைத் தொலைபேசியில் பிடித்து வைக்க வேண்டும்.

இனி கணக்கு. விற்பனைக்கென்று தனி ஆள் எதற்கு, ரிசப்ஷனில் இருப்பவரே பார்த்துக்கொள்வாரே என்று கேட்கும் முதலாளிகளுக்காக ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கிறேன். 40 அறை உள்ள ஒரு ஓட்டல். ஆண்டுக்கு 365 இரவு, ஆக விற்கக்கூடியவை 14,600 அறை-இரவுகள். இதில் 55 சதவீதம் நிரம்புகிறது, சராசரி வாடகை 2,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8,030 அறை-இரவு, வருமானம் 1 கோடியே 76 லட்சத்து 66 ஆயிரம். ஒரு நல்ல விற்பனையாளர் வந்து நிரம்பும் அளவை வெறும் 5 புள்ளி உயர்த்தினால் 730 இரவு கூடும். துணி வெளுப்பு, தண்ணீர், மின்சாரம், காலைச் சிற்றுண்டி என்று அறைக்கு 500 ரூபாய் கழித்தாலும் 12 லட்சத்து 41 ஆயிரம் மிஞ்சும். அவருக்கு மாதம் 25,000 சம்பளம் கொடுத்தால் ஆண்டுக்கு 3 லட்சம்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. விற்றது, விற்காதது எல்லா அறைக்கும் சேர்த்துச் சராசரி வருமானம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். துறையில் அதற்கு 'ரெவ்பார்' என்று பெயர். மேலே சொன்ன ஓட்டலில் அது 1,210 ரூபாய். வாடகையை 2,500 ஆக்கி, அதனால் நிரம்பும் அளவு 50 சதவீதமாகக் குறைந்தாலும் ரெவ்பார் 1,250. குறைந்த அறைகளைச் சுத்தம் செய்து கூடுதல் பணம். தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் கோடையில் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் எல்லா நாளும் இப்படிச் செய்ய முடியாது. எந்த வாரம் வாடகையை ஏற்றலாம், எந்த வாரம் இறக்கி ஆளைப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. 1980களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் ஒரே விமானத்தின் இருக்கைகளை நாளுக்கு ஏற்ப வெவ்வேறு விலைக்கு விற்கப் பழகின. அவற்றைப் பார்த்து மேரியட் போன்ற ஓட்டல்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டன. பருப்பு, மல்லி, வத்தல், எண்ணெய் விலையை வாரந்தோறும் நாளிதழ்களுக்குச் சொல்லும் விருதுநகர்ச் சந்தைக்கு இந்த முறை புதிதல்ல. வத்தல் மண்டிக்காரர் பையனுக்கு வாடகை ஏற்ற இறக்கத்தை விளக்க ஒரு மணி நேரம் போதும்.

விற்பனையாளர் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்? புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் பெரும்பாலும் முதலாளியைப் பார்க்கத்தான் துடிப்பார்கள். வெளியூர் வியாபாரிக்கு அறை போட்டுக்கொடுப்பது உள்ளூர் நிறுவனமாக இருந்தால், உண்மையில் போன் எடுத்து அறை சொல்பவர் அங்கே உள்ள மேனேஜரோ கணக்குப் பார்ப்பவரோதான். அவர் எதிரில் அரை மணி நேரம் பொறுமையாக உட்காரத் தெரிய வேண்டும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அண்ணாச்சி, போன தடவை பாட்னாவில இருந்து வந்தவங்க எங்க தங்குனாங்க?"

"வழக்கமா போடுற எடம்தான். ஏன் தம்பி?"

"அவங்களுக்கு வசதியா இருந்துச்சான்னு கேட்டீங்களா?"

"ரூமு பரவால்ல. காலைல அஞ்சு மணிக்கே டீ வேணும்னாரு, கிடைக்கல. வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாட்டுக்கு ரெண்டு நாளும் நம்ம பையன்தான் அலைஞ்சான்."

விற்பனையாளர் தேடி வந்தது இந்தக் கடைசி வரியைத்தான். வாடகையில் 200 ரூபாய் குறைப்பதாகச் சொல்லியிருந்தால் அண்ணாச்சி "பார்ப்போம்" என்று அனுப்பியிருப்பார். ஐந்து மணிக்கு டீ, தனிப் பாத்திரத்தில் வெங்காயம் பூண்டில்லாத ரொட்டியும் பருப்பும், மாதக் கடைசியில் ஒரே பில் என்று சொன்னால் அவருடைய அலைச்சல் தீர்கிறது. அடுத்த முறை அவர் போன் எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று மாலையே சமையல் மாஸ்டரிடம் போய் இது நடக்குமா என்று பேசி உறுதி செய்துகொள்ளாமல் வாக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. கொடுத்த வாக்கை ஓட்டலுக்குள் நிறைவேற்ற வைப்பது இந்த வேலையில் பாதி. நல்ல பேச்சாளர்கள் பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

பில்லைப் பற்றியும் ஒன்று. ஓட்டல் அறைக்கு ஜிஎஸ்டி, ஓட்டல் இருக்கும் மாநிலத்தின் வரியாகத்தான் விழும். டெல்லியில் பதிவு செய்த வியாபாரி தமிழ்நாட்டு அறையின் வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுக்க முடியாது. சிவகாசி நிறுவனம் தன் தொழிலுக்காக அறை எடுத்துத் தன் பெயரில் பில் வாங்கினால் அதற்கு வழி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய்வரையுள்ள அறைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதே நேரத்தில், தான் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியை ஓட்டல் கழித்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. கணக்குப் பார்ப்பவரிடம் இதையெல்லாம் தெளிவாகப் பேசத் தெரிந்தவரை அவர் தம்மவராக நினைப்பார். பி.காம் படித்த பிள்ளைகளுக்கு இங்கே இயல்பான பலம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

பட்டாசு ஊரில் மட்டுமே வரும் பொறுப்பு ஒன்று உண்டு. குடும்பத்தோடு வருபவர்களுக்கு 'ஆண்டாள் தரிசனம், பால்கோவா, பட்டாசு' என்று இரண்டு நாள் பேக்கேஜ் போடுவது நல்ல யோசனைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது, விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பட்டாசை முதல் நாள் வாங்கினால் அந்தப் பெட்டிகள் ஊர் திரும்பும்வரை எங்கே இருக்கும்? காருக்குள், ஓட்டலின் பார்க்கிங்கில், வெயிலில். இல்லையென்றால் அறைக்குள், கொசுவத்திக்குப் பக்கத்தில். ஆகவே பயணத்திட்டத்தில் பட்டாசுக் கடை கடைசியாகவே வர வேண்டும், அறையைக் காலி செய்த பிறகு. மொத்த வியாபாரி 'சாம்பிள்' என்று ஒரு பையோடு வந்தால் மரியாதையாக மறுத்து, நிறுவனத்திலேயே வைக்கச் சொல்ல வேண்டும். ரயிலில் வந்தவர்களிடம் பட்டாசை ரயிலில் கொண்டுபோகக்கூடாது என்று அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு அதற்கு மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் பல உயிர்கள் போன வட்டாரம் இது. விற்பனைக்காக இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவரை வைத்துக்கொள்ளக் கூடாது.

இணையதளங்கள் இருக்கும்போது இத்தனை அலைச்சல் எதற்கு என்று கேட்கலாம். முன்பதிவுத் தளங்கள் ஆளைக் கொண்டுவருகின்றன, மறுக்க முடியாது. அவை எடுக்கும் கமிஷனை 20 சதவீதம் என்று வைத்தால் 2,200 ரூபாய் அறையில் 440 ரூபாய் போகிறது. ஓட்டல் தன் சொந்த வாடிக்கையாளருக்குக்கூடத் தளத்தைவிடக் குறைந்த விலை தரக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப் குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. தளத்தின் மூலம் முதல் முறை வந்தவர் இரண்டாம் முறை நேரடியாகப் போன் செய்ய வேண்டும். அதற்கான ஏற்பாட்டைச் செய்வது விற்பனையாளரின் கடமை. தள விமர்சனங்களுக்கு அவரே பெயரிட்டுப் பதில் எழுதவும் வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும், முடிந்தால் இந்தியிலும். இந்தி பேசத் தெரிந்த இளைஞருக்குச் சிவகாசி ஓட்டலில் தனி மதிப்பு என்பதை அரசியலாகப் பார்க்க வேண்டியதில்லை. வாங்க வருபவரின் மொழியில் வியாபாரம் பேசுவது இந்த ஊரின் பழைய வழக்கம்.

எங்கே படிப்பது? சென்னை தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில நிறுவனம். இவற்றில் படித்தால் ஓட்டலின் எல்லாப் பிரிவுகளும் தெரியும், பெரிய குழுமங்களில் வாசல் எளிதாகத் திறக்கும். ஆனால் விற்பனைப் பிரிவுக்கு அது ஒன்றே வழி அல்ல. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியிலோ சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலோ வணிகவியல் முடித்தவர், ஓராண்டு ரிசப்ஷனிலும் ரிசர்வேஷனிலும் நின்று, பிறகு விற்பனைக்கு மாறலாம். அந்த ஓராண்டைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நள்ளிரவில் வந்து நிற்கும் விருந்தாளிக்கு அறை இல்லை என்று சொல்லி அவர் முகத்தைப் பார்த்தவர், நிரம்பிய ஓட்டலில் கூடுதல் அறைகளை விற்றுத் தொலைக்க மாட்டார். அடுத்த படிகள் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ், உதவி மேலாளர், மேலாளர், பெரிய ஓட்டலானால் இயக்குநர். சென்னையின் பெரிய ஓட்டலில் சேர்ந்தால் முதல் மூன்று ஆண்டு ஒரே வகை வாடிக்கையாளரோடு போய்விடும். மென்பொருள் நிறுவனங்கள் என்றால் அவை மட்டும், கல்யாணம் என்றால் கல்யாணம் மட்டும். சிவகாசியிலோ விருதுநகரிலோ ஒரே ஆளே காலையில் அச்சக மேனேஜரையும், மதியம் அரசு அலுவலகத்தையும், மாலையில் பெண்வீட்டாரையும் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எது?

இங்கே ஒரு ஆபத்தும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரே தொழிலை நம்பிய ஓட்டல் அந்தத் தொழிலோடு விழும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளையும் சரவெடியையும் தடை செய்து, தீபாவளி இரவில் இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்க அனுமதித்தது. அதன் பின் சிவகாசியில் ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. ஆலை மூடினால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாதபோது அறைக்கும் ஆள் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் பின்னேதான் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் ஆய்வாளர்கள் பசுமைப் பட்டாசுச் சூத்திரங்களைக் கொண்டுவந்தார்கள். சோதனை, சான்றிதழ், உரிமம் என்று புது வகைப் பயணிகள் உருவானார்கள். இவர்கள் அரசு விதிக்குள் அடங்கும் வாடகையும் ஒழுங்கான பில்லும் கேட்பவர்கள். அடுத்தது ஜவுளி. சாத்தூர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 1,000 ஏக்கருக்கு மேல் ஒதுக்கி, 2023 மார்ச்சில் திட்டத்தைத் தொடங்கினார்கள். கட்டுமானப் பொறியாளர், இயந்திரம் பொருத்துபவர், தணிக்கையாளர், வெளிநாட்டு வாங்குபவர் என்று அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு ஆட்கள் வருவார்கள். சிலர் இரண்டு நாள் தங்குவார்கள், சிலர் மூன்று மாதம். மதுரையில் தங்கி நாள்தோறும் நான்குவழிச் சாலையில் வந்துபோவதா, பக்கத்திலேயே தங்குவதா என்று அவர்கள் முடிவெடுக்கும் முன் விருதுநகர், சாத்தூர் ஓட்டல் ஒன்றிலிருந்து யாராவது அவர்களைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

ஓட்டல் முதலாளிகளிடம் என் வேண்டுகோள் இது. இந்த ஆடிப்பெருக்குக்குள் உள்ளூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பிள்ளையை, ஆணோ பெண்ணோ, விற்பனைக்கென்றே எடுங்கள். பெண்ணாக இருந்தால் வெளியே போய்வர வண்டியும், இரவு வேலைக்குப் பிறகு வீடுவரை துணையும் கொடுங்கள். ரிசப்ஷனில் ஆள் வரவில்லை என்பதற்காக அவரை அங்கே நிறுத்தாதீர்கள். தொடக்க மாதங்களில் எத்தனை அறை கொண்டுவந்தார் என்று கேட்க வேண்டாம். யார் யாரைப் பார்த்தார், அவர்கள் என்ன குறை சொன்னார்கள் என்று கேளுங்கள். 2026 நவம்பர் 8ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் எத்தனை பெயருக்கு நேராகத் தொலைபேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.